நோட்டை யார் பார்ப்பது? ராமநாதபுரம் கரையோர வீடுகளுக்கு 6, 7, 8 கணக்கு ஆன்லைன் வகுப்புகள்: ஓர் ஒப்பீடு

7,008-இலிருந்து 2,459-ஐக் கழிக்கச் சொன்னால், ஆறாம் வகுப்பிலும் சில பிள்ளைகள் 5,451 என்று எழுதும். சரியான விடை 4,549. விடையை மட்டும் தட்டச் சொல்லும் ஆப், ‘தவறு’ என்று சிவப்பில் காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். நோட்டைப் பார்ப்பவருக்கோ பத்து நொடியில் சங்கதி புரிந்துவிடும். 8-க்கும் 9-க்கும் 1, 0-க்கும் 5-க்கும் 5, 0-க்கும் 4-க்கும் 4, 7-க்கும் 2-க்கும் 5 என்று ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது பிள்ளை. மேலா கீழா என்று பார்க்கவே இல்லை. கடன் வாங்கிக் கழிப்பது மட்டும்தான் பிடிபடவில்லை; மற்றதெல்லாம் சரி. இருபது நிமிடம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் தீரும்.

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று எந்த ஊரில் கேட்டாலும் ஆன்லைன் வகுப்புப் பேச்சு ‘எந்த ஆப் நல்லது?’ என்றுதான் தொடங்குகிறது. அதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். பிள்ளை போட்ட கணக்கை வரிவரியாக யார் பார்க்கப்போகிறார் என்பதே முதல் கேள்வி. கணக்கில் பிழை ஒளிந்திருப்பது நோட்டில். அதைப் பார்க்க ஆள் இல்லாத ஏற்பாடு, எவ்வளவு அழகான வீடியோ வைத்திருந்தாலும், தேறுகிற பிள்ளைக்குத்தான் உதவும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. ஆறாம் வகுப்பில் பின்னத்தில் விழுந்த ஓட்டை ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் முழுக்கத் தண்ணீர் ஏறும்போதுதான் வீட்டுக்குத் தெரியவரும். அதனால் ரேங்க் கார்டை நம்பி வகுப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது.

முதலில் ஓட்டை எங்கே என்று பாருங்கள்

பணம் கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை 40 நிமிடம் ஒதுக்குங்கள். கீழே உள்ள கணக்குகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கால்குலேட்டர் வேண்டாம், போன் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து உதவவும் வேண்டாம். ரஃப் வேலையையும் அதே தாளில் போடச் சொல்லுங்கள். அழிப்பான் கூடாது, தப்பை ஒரு கோடு மட்டும் போட்டு அடிக்கட்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு 6 முதல் 10 வரை உள்ளவற்றை விட்டுவிடுங்கள். அவை ஏழாம் வகுப்புப் பாடம்.

1) 7,008 − 2,459
2) 306 × 24
3) 1/2 + 1/3
4) 18 கிலோவில் 2/3 பங்கு எவ்வளவு?
5) 2.35, 2.7: எது பெரியது?
6) 0.3 × 0.2
7) −4 − 9
8) −7 − (−3)
9) 3எக்ஸ் + 5 = 20 என்றால் எக்ஸ் எவ்வளவு?
10) 2ஏ + 3பி-யை இன்னும் சுருக்க முடியுமா?
11) 4,500 ரூபாயை இரண்டு பேர் 2 : 3 என்ற விகிதத்தில் பிரித்தால் யாருக்கு எவ்வளவு?
12) 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலமுள்ள கருவாட்டுக் களத்தின் சுற்றளவு, பரப்பளவு.

விடைகள் வரிசையாக: 4,549; 7,344; 5/6; 12 கிலோ; 2.7, 0.06, −13, −4, 5, முடியாது, 1,800 ரூபாயும் 2,700 ரூபாயும், 26 மீட்டரும் 40 சதுர மீட்டரும்.

மதிப்பெண் போட வேண்டாம். தவறான விடை என்ன சொல்கிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டாவதில் 864 வந்தால் 306-இல் உள்ள பூஜ்யத்தை விழுங்கி 36-ஐப் பெருக்கியிருக்கிறது. மூன்றாவதில் 2/5 வந்தால் மேலே தனியாக, கீழே தனியாகக் கூட்டியிருக்கிறது. பின்னம் என்பது ஒரே எண் என்ற எண்ணம் இன்னும் விழவில்லை. ஐந்தாவதில் 2.35 என்றால் ‘35 பெரிசு, 7 சிறிசு’ என்ற கணக்கு. எட்டாவதில் −10 வந்தால் இரண்டு கழித்தல் குறி சேரும்போது என்ன ஆகும் என்பது மனப்பாடமாகக்கூட இல்லை. பத்தாவதில் 5ஏபி என்று எழுதாத ஏழாம் வகுப்புப் பிள்ளையைப் பார்ப்பதே அபூர்வம். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1 முதல் 5 வரை இரண்டுக்கு மேல் தவறினால் ஓட்டை நாலாம், ஐந்தாம் வகுப்பில் இருக்கிறது. அந்தப் பிள்ளையை ‘ஏழாம் வகுப்பு மேத்ஸ் லைவ் பேட்ச்’ ஒன்றில் சேர்ப்பது வீண். பிள்ளை திரையைப் பார்த்துத் தலையாட்டும், அவ்வளவுதான். முதல் ஐந்தும் சரி, அதற்கு மேல் மூன்று நான்கு தவறு என்றால் பள்ளியில் போகிற வேகத்துக்கு ஒரு கை கொடுத்தால் போதும். ஒன்றிரண்டு தவிர எல்லாம் சரியானால் காசு செலவழித்து வகுப்பே தேவையில்லை. இலவச வீடியோவும் பயிற்சிக் கணக்கும் போதும். இந்த மூன்றாவது வகைப் பிள்ளைகளைத்தான் பெற்றோர் முதலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள் என்பது வேடிக்கை.

இலவச வீடியோக்கள்

கையில் ஏற்கெனவே இருப்பது இதுதான். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது. கேபிளிலும் யூடியூபிலும் பார்க்கலாம். மணற்கேணி ஆப் 2023-இல் பள்ளிக் கல்வித் துறை வெளியிட்டது. 6 முதல் 12 வரை வகுப்புகளுக்குத் தமிழில் பாட வீடியோக்கள் இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்திலும் இருக்கும் கியூஆர் கோடை தீக்‌ஷா ஆப்பில் ஸ்கேன் செய்தாலும் வீடியோ வரும்.

நேரம் நம் கையில் இருப்பதே இதன் பெரிய லாபம். நிறுத்தலாம், பின்னால் போகலாம், நாலாம் வகுப்புப் பாடத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளை யாருக்கும் தெரியாமல் பார்க்கலாம். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமில்லை. 13 வயதுப் பிள்ளைக்கு வகுத்தல் தெரியாது என்று தம்பி முன்னால் தெரிவது பெரிய அவமானம்.

கெடுவது எங்கே? பார்ப்பதைக் கற்பதாக எடுத்துக்கொள்வதில். ஆசிரியர் போடுவதைப் பார்க்கும்போது ஒவ்வொரு வரியும் நியாயமாகத்தான் தெரியும். வெறும் தாளோடு உட்கார்ந்தால் முதல் வரியே வராது. இதற்கு ஒரு வழி: வீடியோவில் மாதிரிக் கணக்கை வாசித்து முடித்ததும் நிறுத்த வேண்டும். பிள்ளை நோட்டில் தானே போட வேண்டும், தப்பானாலும் பரவாயில்லை. ஐந்து நிமிடம் கழித்து வீடியோவை ஓட்டி, தன் வரிகளோடு ஒப்பிட வேண்டும். எந்த வரியில் பிரிந்ததோ அந்த வரியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இப்படிப் பார்த்தால் 15 நிமிட வீடியோவுக்கு 40 நிமிடம் ஆகும். அந்த நேரம் ஆகாவிட்டால் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பழைய வீடியோக்கள் இன்னொரு தொல்லை. சமச்சீர் புத்தகங்கள் ஆறாம் வகுப்புக்கு 2018-இலும், ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு 2019-இலும் மாற்றப்பட்டன. அதற்கு முந்தைய வீடியோக்கள் யூடியூபில் இன்னும் மேலே வந்து நிற்கும். சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு இது இன்னும் சிக்கல்: என்.சி.இ.ஆர்.டி. ‘கணித பிரகாஷ்’ என்ற புதுப் புத்தகத்தை ஆறாம் வகுப்புக்கு 2024-இலும் ஏழாம் வகுப்புக்கு 2025-இலும் கொண்டுவந்தது. பாட வரிசையே வேறு. வீடியோவின் தலைப்பையும் புத்தகத்தின் பாடத் தலைப்பையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே ஆரம்பியுங்கள். பயிற்று மொழியும் ஒத்துப்போக வேண்டும். ‘மீச்சிறு பொது மடங்கு’ என்று பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு ‘எல்.சி.எம்.’ என்று வீடியோவில் வந்தால், இரண்டும் ஒன்று என்று சொல்ல ஆள் வேண்டும்.

இலவச வீடியோவில் நோட்டைப் பார்க்க ஆள் கிடையாது. ஆளை நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். அது எப்படி என்று பின்னால் வருகிறது.

நேரலைக் குழு வகுப்பு

விளம்பரம் அதிகம் வருவது இதற்குத்தான். கட்டணம் குறைவாகத் தெரியும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உதாரணத்துக்கு, மாதம் 12 வகுப்பு, வகுப்பு ஒரு மணி நேரம், 25 பிள்ளைகள், கட்டணம் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 ரூபாய், மலிவுதான். ஆனால் 60 நிமிடத்தில் 40 நிமிடம் ஆசிரியர் விளக்குவார். மிச்சம் 20 நிமிடத்தை 25 பிள்ளைகளுக்குப் பங்கு போட்டால் தலைக்கு 48 நொடி. மாதம் முழுக்கச் சேர்த்தாலும் 9 நிமிடம் 36 நொடி. உங்கள் பிள்ளையின் நோட்டின் மேல் ஆசிரியர் கண் விழும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 125 ரூபாய் கொடுக்கிறீர்கள்.

தனி வகுப்பு வாரம் இரண்டு, மாதம் 8, வகுப்பு 45 நிமிடம், கட்டணம் 2,400 ரூபாய் என்று வையுங்கள். மணிக்கு 400 ரூபாய், நாலு மடங்கு. ஆனால் 45-இல் 25 நிமிடம் நோட்டைப் பார்த்தே நடந்தால் மாதம் 200 நிமிடம். நிமிடத்துக்கு 12 ரூபாய்தான். உங்களிடம் சொல்லும் கட்டணம் வேறாக இருக்கும்; கணக்குப் போடும் முறை இதுவே. பேட்சில் எத்தனை பேர் என்று கேட்டு இந்த எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். 6 பேர் உள்ள குழு என்றால் கதையே வேறு. அப்படி ஒன்று கிடைத்தால் தயங்காமல் பாருங்கள்.

பெரிய குழுவில் நடப்பது இதுதான். ‘புரிஞ்சுதா?’ என்று ஆசிரியர் கேட்பார். இரண்டு பேர் ‘யெஸ் சார்’ என்று டைப் அடிப்பார்கள். மீதிப் பேரும் அதையே அடிப்பார்கள். கேமரா அணைந்திருக்கும். நாலாவது வாரத்திலிருந்து வகுப்பு ஒரு டேபில் ஓடும், விளையாட்டு இன்னொரு டேபில். இதில் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏற்கெனவே தேறுகிற, வேகம் பிடித்துப் போகிற பிள்ளைக்குக் குழு வகுப்பு நல்லதுதான். போட்டி இருக்கும், ஒழுங்கு இருக்கும், குறித்த நேரத்தில் உட்காரும் பழக்கம் வரும்.

நம் கரையில் இதற்கு இன்னொரு இடைஞ்சல். பல வீடுகளில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான், அது அப்பாவிடம். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. திரும்புவது மறுநாள் காலை. ஆன்லைன் பேட்சுகளில் திங்கள்-புதன்-வெள்ளி என்ற வரிசை சகஜம். வாரத்தில் இரண்டு வகுப்பு போனோடு சேர்ந்து கடலுக்குப் போய்விடும். சேர்க்கும்போதே செவ்வாய்-வியாழன்-ஞாயிறு பேட்ச் கேளுங்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்கு நாள்கள் வேறு. அவரவர் தொழில் நாளை வைத்துப் பார்க்க வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் மாலையில் குர்ஆன் ஓதப் போகும் பிள்ளைகளுக்கு ஆறு மணி பேட்ச் மக்ரிப் தொழுகை நேரத்தோடு மோதும். ஏழரைக்கு மேல் ஆரம்பிப்பதே சரி. வளைகுடாவிலிருந்து அத்தா அழைக்கும் நேரமும் அந்த மாலைதான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விட்ட வகுப்பின் பதிவு எத்தனை நாள் கிடைக்கும், இறக்கி வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். ‘லைவ்தான் சார், பதிவு கிடையாது’ என்றால் இங்கே அது ஆகாது.

தனி வகுப்பு

அடிப்படையில் ஓட்டை உள்ள பிள்ளைக்கு இதற்கு ஈடு இல்லை. ஆனால் வருடம் முழுக்க வேண்டாம். எட்டு முதல் பத்து வாரம், குறித்த நாலைந்து தலைப்பு, அதோடு நிறுத்தம் என்று பேசிக்கொள்ளுங்கள். மேலே போட்ட 12 கணக்குத் தாளைப் படம் எடுத்து முதல் வகுப்புக்கு முன்பே ஆசிரியருக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு ‘பின்னத்திலிருந்து ஆரம்பிப்போம்’ என்பவர் ஆசிரியர். தாளைப் பார்க்காமலேயே ‘ஏழாம் வகுப்பு முதல் பாடம்’ என்று தொடங்குபவருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

தனி வகுப்பும் கெடுகிற இடம் ஒன்று உண்டு: போன் பிள்ளையின் முகத்தைப் பார்த்து நிற்பது. முகத்தைப் பார்த்துக் கணக்குத் திருத்த முடியாது. கேமரா நோட்டைப் பார்க்க வேண்டும். ஸ்டாண்டு வாங்க வேண்டியதில்லை. ஒரே உயரத்தில் இரண்டு எவர்சில்வர் டப்பாக்களை நோட்டின் இரண்டு பக்கமும் வைத்து, அவற்றின் மேல் பாலம்போல் ஒரு மர ஸ்கேலைப் போடுங்கள். போனின் கேமரா மூலை மட்டும் வெளியே நீட்டுகிற மாதிரி ஒரு டப்பாவின் மேல் படுக்க வைத்து, ஸ்கேலோடு ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். நோட்டிலிருந்து ஓர் அடி உயரம் சரி. பின்பக்கக் கேமராவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வெளிச்சம் இடது கைப் பக்கமிருந்து வந்தால் எழுதுகிற கையின் நிழல் எழுத்தின் மேல் விழாது. இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு வலப்பக்கமிருந்து. ஆசிரியர் குரல் கேட்டால் போதும், அவர் திரையில் காட்டும்போது மட்டும் போனைத் திருப்பலாம்.

தட்டிப் பதில் சொல்லும் ஆப்கள்

நாலு விடையில் ஒன்றைத் தொடுவது. தெரிந்ததை வேகப்படுத்த நல்லது, தெரியாததைக் கற்றுத்தராது. 0.3 × 0.2-க்கு 0.6, 0.06, 6, 0.5 என்று கொடுத்திருந்தால் இரண்டாம் முயற்சியில் எந்தப் பிள்ளையும் பிடித்துவிடும். நட்சத்திரம் விழும், நோட்டில் ஒரு வரி இருக்காது.

ஓர் இடத்தில் மட்டும் இதற்கு உண்மையான வேலை இருக்கிறது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு. மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். எல்லாமே நாலில் ஒன்று. படிப்பறிவுத் தாளில் கணக்கு 20. தேறி, உதவித்தொகைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், ஆக 48,000. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு ஒரு கேள்வி என்ற வேகம் நோட்டில் மட்டும் போட்டுப் பழகினால் வராது. அந்தத் தேர்வுக்கு மூன்று நான்கு மாதம் முன்பிருந்து தினம் 20 நிமிடம் இந்த வகை ஆப் நல்ல துணை.

தெருமுனை டியூஷனோடு சேர்த்தால்

ஆன்லைன் என்றதும் ஊர் டியூஷனை எதிரியாக நிறுத்துகிறார்கள். இரண்டையும் ஒட்டுவதுதான் கரையோர வீட்டுக்குக் கட்டுப்படியாகிறது. விளக்கத்துக்கு இலவச வீடியோ. திருத்தத்துக்கு ஊர் ஆள். கல்லூரி படிக்கும் பக்கத்து வீட்டு அக்கா, ஓய்வு பெற்ற ஆசிரியர், 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலராகப் பாடம் எடுத்தவர் என்று தெருவுக்கு ஒருவராவது இருப்பார். அவரிடம் ‘கணக்கு சொல்லிக் கொடுங்க’ என்று கேட்காமல், ‘வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், நோட்டை மட்டும் பார்த்துக் கொடுங்கக்கா’ என்று கேளுங்கள். வேலையும் சின்னது, கேட்கிற தொகையும் சின்னது.

திருத்துபவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். விடையைச் சரிசெய்து எழுதக் கூடாது. கணக்கு முதன்முதலாகப் பிசகிய வரியை மட்டும் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த வரியிலிருந்து பிள்ளை மறுபடி போடட்டும். வட்டத்துக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து: ‘எ’ என்றால் எண் பிழை, கூட்டல் கழித்தலில் சறுக்கியது, ‘வி’ என்றால் விதி பிடிபடவில்லை, ‘வா’ என்றால் கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை. மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். ‘எ’ அதிகமென்றால் தினம் பத்து நிமிடம் வாய்ப்பாடும் மனக்கணக்கும். ‘வி’ அதிகமென்றால் அந்தப் பாட வீடியோவுக்குத் திரும்ப வேண்டும். ‘வா’ அதிகமென்றால் அது கணக்குப் பிரச்சினையே இல்லை. தமிழ் வாசிப்பில், அல்லது ஆங்கில வழிப் பிள்ளையானால் ஆங்கில வாசிப்பில், தடுமாற்றம். எந்தக் கணக்கு ஆப்பும் அதைத் தீர்க்காது.

கணக்கு தெரியாத அம்மாவாலும் பாதி வேலை முடியும். பாடப்புத்தகத்தின் கடைசியில் விடைகள் இருக்கின்றன. ஒத்துப்போகாத கணக்கின் எண்ணை மட்டும் ஒரு துண்டுத்தாளில் குறித்து அக்காவிடம் கொடுத்தால் அரை மணி நேரம் 15 நிமிடமாகும். வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதானால் பகலில் வாசற்படியில் வைத்து எடுங்கள். ஃபிளாஷ் போட்டால் தாள் வெளுத்து, பென்சில் எழுத்து மறைந்துவிடும். ஒரு படத்துக்கு ஒரு பக்கம்.

ஊர் ஆளிடம் இன்னொரு நன்மை: கணக்கை நம் கடலோடு சேர்த்துச் சொல்வார். −4 − 9 ஏன் −13 என்று அம்புக்குறிப் படம் போட்டும் புரியாத பிள்ளைக்கு, ‘வலை நாலு பாகம் ஆழத்துல நிக்குது, இன்னும் ஒன்பது பாகம் இறக்குறோம், இப்ப எங்க நிக்கும்?’ என்று கேட்டால் போதும். கடல் மட்டம் பூஜ்யம். ஒரு பாகம் ஆறு அடி என்பதால் அளவை மாற்றமும் அதிலேயே முடிந்துவிடும். டீசலும் ஐஸும் கழித்து மிஞ்சியதைப் பங்கு பிரிக்கிற வீட்டில் 2 : 3-ஐப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, வீட்டில் நடப்பதும் புத்தகத்தில் இருப்பதும் ஒன்றுதான் என்று காட்டினால் போதும்.

டேட்டா, மின்சாரம், உப்புக் காற்று

யூடியூப் 360பி தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 300 முதல் 400 எம்.பி. ஆகும். நேரலைக் குழு வகுப்பு வீடியோவோடு ஓடினால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு போகும். நாளுக்கு ஒன்றரை ஜி.பி. பேக்கில் வகுப்பு முடிவதற்குள் வேகம் விழுந்தால், காலையில் வீட்டில் யார் ரீல்ஸ் பார்த்தார்கள் என்ற சண்டைதான். டேட்டாவை மிச்சம் பிடிக்க 144பி-க்கு இறக்குவது கணக்கு வகுப்புக்கு மட்டும் ஆகாது. தசமப் புள்ளியும் கழித்தல் குறியும் முதலில் மறைவது அங்கேதான், 2.7 என்பது 27 ஆகத் தெரியும். 360பி-க்குக் கீழே போக வேண்டாம். வீடியோவை வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு பார்ப்பது நல்ல வழி.

தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடிப்பது எல்லாருக்கும் தெரிந்ததே. டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க் தேர்வை ‘ஆட்டோமேட்டிக்’கிலிருந்து மாற்றி உங்கள் கம்பெனி பெயரைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள், இல்லையென்றால் வகுப்பு நடுவே இணைப்பு அறும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடை மழையில் மின்சாரம் போவதும், தகரக் கூரையில் மழை விழுந்தால் ஆசிரியர் குரல் கேட்காததும் வாடிக்கை. வயர் வைத்த இயர்போன் ஒன்று இருந்தால் இரண்டாவது தீரும். உப்புக் காற்றில் சார்ஜர் துளை துருப்பிடித்து, சார்ஜ் ஏறுவதுபோலக் காட்டி ஏறாமல் இருக்கும். வகுப்பு ஆறு மணிக்கு என்றால் நாலு மணிக்கே சதவீதம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முறை

மாதக் கட்டணம் தவிர வேறு எதற்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருமானம் நிற்கிற அந்த மாதங்களிலும் தவணை நிற்காது. ‘ஈ.எம்.ஐ.’ என்று சொல்லி ஓ.டி.பி. கேட்டால், பிள்ளையின் கட்டணத்துக்கு உங்கள் பெயரில் கடன் எழுதுகிறார்கள் என்று பொருள். வகுப்பை நிறுத்தினாலும் கடன் நிற்காது. மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில், இத்தகைய நிறுவனங்களில் தானாகப் பணம் பிடிக்கும் வசதிக்கு ஒப்புதல் தர வேண்டாம் என்று பெற்றோரை எச்சரித்தது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் யு.பி.ஐ. ஆப்பில் ‘ஆட்டோபே’ பகுதிக்குள் போய் ரத்து செய்யலாம். வகுப்பு ஆப்பை அழித்தால் மட்டும் பிடித்தம் நிற்காது. தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தடைக்காலத்தில் போன் வீட்டில் இருக்கும், பள்ளி விடுமுறையும் சேரும். அடிப்படை ஓட்டையை அடைக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. கையில் காசு இல்லாத காலமும் அதுவே. அதனால் அப்போது தனி வகுப்பை வைக்காமல், இலவச வீடியோவும் அக்காவின் அரை மணி நேரமும் வையுங்கள். தினம் 40 நிமிடம், பின்னமும் தசமமும் மட்டும். தனி வகுப்புக்குப் பணம் ஒதுக்குவதானால் ஜூலை, ஆகஸ்டில். படகு ஓடத் தொடங்கியிருக்கும், காலாண்டுத் தேர்வும் இன்னும் வந்திருக்காது.

இலவச மாதிரி வகுப்பு கொடுத்தால் பிள்ளையோடு நீங்களும் உட்காருங்கள். ஆசிரியர் எத்தனை முறை ‘நோட்டைக் காட்டு’ என்றார் என்று எண்ணுங்கள். கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று பாருங்கள். மூன்று நொடியில் தானே விடை சொல்பவர் முப்பது வகுப்பிலும் அப்படித்தான் செய்வார். அடுத்த மாதமும் இதே ஆசிரியரா, மாதிரி வகுப்புக்கு மட்டும் வந்தவரா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

எதில் சேர்த்தாலும் ஆறு வாரம் கழித்து அதே 12 கணக்கை எண்களை மட்டும் மாற்றி மறுபடி கொடுங்கள். 7,008-க்குப் பதில் 6,003 − 1,768, விடை 4,235. 5,765 என்று வந்தால் அடுத்த மாதக் கட்டணம் கட்டுவதற்கு முன் ஆசிரியருக்கு அந்தத் தாளின் படத்தை அனுப்பிவிட்டுப் பேசுங்கள்.